காரை இறக்கப் போகிறீர்களா? ஸ்பிரிங் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

வண்டியை இறக்கணும், அதாவது ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி உயரத்தைக் குறைக்கணும் என்று வருகிற பையன்கள் முதலில் கேட்பது எத்தனை இன்ச் இறக்கலாம் என்றுதான். பட்டறையிலும் அதற்குப் பதில் தயாராக இருக்கும்: "அண்ணாச்சி, ரெண்டு சுத்து வெட்டிவிட்டாப் போதும், வண்டி தரையோட ஒட்டிரும்." ஒட்டத்தான் செய்யும், அடுத்த வேகத்தடையில் சைலன்சரும் சேர்ந்து ஒட்டும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இறக்கின பிறகு, பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலே ஏறுவதற்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்? எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் (ஷாக் அப்சார்பர்), காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், திருகி உயரம் மாற்றுகிற செட்) தேவையா என்ற எல்லா முடிவும் இந்த ஒரு அளவில் இருந்துதான் வரும்.

முடிவு எடுக்கும்போது உங்கள் வண்டி போகிற ரோடுகளில் மோசமானதை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்கரச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் என்று போகும்போது இறக்கின வண்டி நன்றாகத்தான் ஓடும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆனி ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கிற நேரத்தில், கொஞ்சம் இறங்கி நல்ல ஷாக் போட்ட வண்டி அலையாமல் போவது தனி சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு எந்த வழியில் போகிறீர்கள்? நம்ம பக்கம் பாதிப் பேருக்குக் குலதெய்வம் குளத்தங்கரையிலோ, உடங்காட்டுக்குள்ளோ, தேரி மணலிலோதான் இருக்கிறது. தார் ரோடு முடிந்ததும் வண்டித்தடம், நடுவில் புல் முளைத்த மேடு. அன்றைக்குத்தான் அப்பா, அம்மா, அத்தை, பிள்ளைகள், பொங்கல் பானை, விறகுக்கட்டு எல்லாம் ஒரே காரில் ஏறும். அந்த ஒரு நாள் தாங்குகிற சஸ்பென்ஷன் மற்ற 364 நாளும் தாங்கும்.

வேகத்தடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி வளைவான வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செமீ உயரம், 17 மீட்டர் ஆரம். இப்படி ஒழுங்காகப் போட்ட தடையின் நடுவில் 2450 மிமீ வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) உள்ள ஸ்விஃப்ட் நிற்கிறது என்று வையுங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் தடையின் மேலேயே இருக்கும், அவை நிற்கிற மட்டத்தை விட நடுமேடு வெறும் 44 மிமீதான் உயரம். 165 மிமீ கிளியரன்ஸில் (தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி) 40 மிமீ இறக்கினாலும் இது தொடாது. ஆனால் ஊருக்குள் பாதித் தடைகள் விதியைப் பார்த்துப் போட்டவை இல்லையே. ஒரு மீட்டர் கூட அகலம் இல்லாமல் 15 செமீ உயரத்துக்குக் கான்கிரீட்டைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே நான்கு சக்கரமும் கீழே ரோட்டில் இருக்க, மொத்த 150 மிமீயும் வண்டியின் வயிற்றுக்கு நேராக வரும், உங்களிடம் இருப்பதோ 125. சாய்த்து ஏற்றினால் கொஞ்சம் தப்பலாம், எதிரே பஸ் வந்தால் அதற்கும் வழியில்லை. போதாக்குறைக்கு, பல கம்பெனிகள் பேப்பரில் போடுகிற கிளியரன்ஸ் ஆள் ஏறாத வண்டிக்கு உள்ளது.

சரி, அளப்போம். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள், டயர் காற்று சரியாக இருக்கட்டும், டேங்க் பாதியாவது இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் (சக்கரத்தை மூடுகிற பாடித் தகடு) விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையில் இருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். அப்புறம் வீட்டில் உள்ள ஐந்து பேரை ஏற்றி உட்கார வைத்து மறுபடி அளங்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

அடுத்தது எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற கேபிள் டையை வைத்துச் செய்கிற வேலை. இதைச் செய்யாமல் யாரும் ஸ்பிரிங் ஆர்டர் போட வேண்டாம் என்பேன். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டில் இருக்கும் ரப்பர் டஸ்ட் பூட்டை (தூசி உறை) மேலே தள்ளினால் பளபளவென்று ஷாக்கின் கம்பி தெரியும். கம்பியின் மேல்முனையில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ உருளையாக இருப்பது பம்ப் ஸ்டாப், சக்கரம் மேலே ஏறுவதைக் கடைசியில் தடுக்கிற மெத்தை. ஒரு மெல்லிய கேபிள் டையைக் கம்பியைச் சுற்றி இறுக்குங்கள். கையால் தள்ளினால் நகரணும், தானாக வழுக்கக் கூடாது, அந்த அளவு இறுக்கம். அதைக் கீழே ஷாக்கின் உடம்பைத் தொடுகிற வரை தள்ளிவிட்டு பூட்டை இறக்கி, சக்கரத்தை மாட்டுங்கள். இப்போது ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் மோசமான ரோட்டுக்கே போய்வாருங்கள். சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் ஷாக்கின் உடம்பு அந்த டையை மேலே தள்ளும், வண்டி இறங்கினாலும் டை அங்கேயே நிற்கும். திரும்பி வந்து கழற்றிப் பார்த்தால், டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நீங்கள் இதுவரை பயன்படுத்தாத இடம். அது 25 மிமீ என்றால் நீங்கள் சும்மா இறக்கக்கூடியதும் அவ்வளவுதான். டை ஏற்கனவே பம்ப் ஸ்டாப்பில் போய் அமுங்கி இருந்தால், கம்பெனி உயரத்திலேயே உங்கள் ரோடு இருக்கிற இடம் எல்லாவற்றையும் கேட்கிறது என்று அர்த்தம். இறக்கணும் என்றால் ஸ்பிரிங்கை அதற்குத் தக்கபடி கடினமாக்கித்தான் ஆகணும்.

ஒன்று சொல்லணும், பம்ப் ஸ்டாப்பைத் தொட்டாலே பயப்பட வேண்டாம். இப்போது வருகிற பல வண்டிகளில் அது நுரை போன்ற பாலியூரிதேனில் செய்தது, லேசாகத் தொடும்போதே இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்ய ஆரம்பிக்கும். முழுசாக நசுங்கி "டொம்" என்று கேட்கிறதே, அதுதான் பிரச்சனை. அந்த அடி நேராக ஸ்ட்ரட் மவுண்டுக்கும் பாடிக்கும் போகும்.

ஸ்பிரிங் வெட்டுவதைப் பற்றி ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்கலாம். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது சுமார் 20 சதவீதம் கடினமாகும், அது உண்மை. ஆனால் வண்டி இறங்குவதால் இழக்கிற இடம் அதைவிடப் பெரிது. 70 மிமீ இருந்த இடம் 30 ஆகிவிட்டால், அதே பள்ளத்தின் அடியைப் பாதிக்கும் குறைந்த தூரத்தில் தாங்கணும், 20 சதவீதம் எந்த மூலைக்கு? கடைசிச் சுற்று தட்டில் உட்காருவதற்கென்றே வளைத்துச் செய்தது, அதை வெட்டினால் ஸ்பிரிங் தட்டில் சரியாக அமராது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் உள்ளே லொடலொடவென்று ஆடும், பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதும் அதே கதைதான், இடம் மாறி உட்கார்ந்தால் அப்புறம் உங்கள் அதிர்ஷ்டம். கேஸ் வெல்டிங் டார்ச்சால் சுட்டு இறக்குவது இன்னும் மோசம். இரும்பின் பதமே போய்விடும், ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்கிக்கொண்டே போகும்.

அப்படியானால் லோயரிங் ஸ்பிரிங். ஐபாக் கம்பெனியின் புரோ கிட் போன்றவை குட்டையாகவும் கடினமாகவும் வண்டிக்கென்றே செய்தவை. பெரும்பாலும் புரோகிரசிவ் வகை, அதாவது நெருக்கமாகச் சுற்றிய பகுதி முதலில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு மிச்சச் சுற்றுகள் மட்டும் வேலை செய்வதால் அமுங்க அமுங்கக் கடினமாகும். வாங்கும்போது பெட்டியில் "ஸ்விஃப்ட்" என்றோ "போலோ" என்றோ இருந்தால் மட்டும் போதாது. எந்த வருட மாடல், எந்த இன்ஜின், முன் ஆக்ஸிலில் எத்தனை கிலோ வரை என்று பாருங்கள். டீசல் இன்ஜின் பெட்ரோலை விட கனம், பெட்ரோல் ஸ்பிரிங்கைப் போட்டால் முன்பக்கம் சொன்னதை விட அதிகமாகக் குனிந்துவிடும். வெளிநாட்டு மாடலுக்கு வந்த ஸ்பிரிங் நம்ம ஊர் மாடலின் தட்டில் அப்படியே உட்காரும் என்றும் எண்ண வேண்டாம், பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து விட்டத்தையும் முனையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னால் 30 மிமீ, பின்னால் 20 என்று பின்பக்கம் குறைவாக இறங்குகிற செட் நம்ம வீட்டுக் கார்களுக்கு நல்லது. ஆள் ஏறினாலும் பெட்டி ஏறினாலும் பாரம் போவது பின்னால்தானே.

இப்போது முக்கியமான பொருள், ஷாக். காசு குறைவாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தள்ளிப்போட்டுவிட்டு ஷாக்கை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், அவ்வளவுதான். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்புகிற வேகத்தைப் பிடித்து வைப்பது ஷாக். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது. அதன் மேல் 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங்கை வைத்தால் எழும்புகிற வேகம் கைக்கு அடங்காது, ஆலங்குளம் போகிற வழியில் ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினால் வண்டி ஊஞ்சலாட ஆரம்பித்துவிடும். அதோடு குட்டை ஸ்பிரிங் போட்டால் ஷாக்கின் பிஸ்டன் எப்போதும் அடிப்பக்கமே வேலை செய்யும், அடியில் போய் மோதுகிற வாய்ப்பும் கூடும், சீக்கிரம் ஆயில் கசியும். என் கணக்கில் 20 முதல் 25 மிமீ வரை இறக்கினால், ஷாக் புதிதாக இருந்தால், கம்பெனி ஷாக்கோடு சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் குட்டை ஷாக் வேண்டும்.

பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கில் இந்த வித்தியாசம் பேரிலேயே இருக்கிறது: பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின வண்டிக்கென்று கம்பியைக் குட்டையாக்கியது. பி12 என்று வாங்கினால் பி8 ஷாக்கும் ஐபாக் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற கவலை இல்லை. கோனியின் மஞ்சள் ஷாக்கில் எழும்பும் வேகத்தைத் திருகி மாற்றலாம். இவை எல்லா வண்டிக்கும் கிடைக்காது, ஐரோப்பிய கார் வைத்திருப்பவர்களுக்கு வசதி அதிகம். மாருதி, ஹூண்டாய் வைத்திருக்கிறவர்கள் பலர் புது கம்பெனி ஷாக்கையோ கேப்ரியல் ஷாக்கையோ போட்டு, இறக்குவதை 25க்குள் நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

திருகி மாற்றுகிற ஷாக் வாங்கியவர்கள் எல்லாரும் செய்கிற முதல் காரியம், கடைசி வரை இறுக்கி வைப்பது. அதைச் செய்து பார்க்க நல்ல இடம் டோல்கேட்டுக்கு முன்னால் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள். எழும்பும் வேகம் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், முதல் பட்டையில் அமுங்கிய சக்கரம் திரும்பி வருவதற்குள் அடுத்த பட்டை வந்துவிடும், அதற்குள் இன்னொன்று. ஒவ்வொரு பட்டைக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போய்க் கடைசியில் பம்ப் ஸ்டாப் மேலேயே ஓடும். ஆள் என்ன நினைப்பார்? ஸ்பிரிங் கல்லாக இருக்கிறது என்று. உண்மையில் ஷாக்கை இரண்டு கிளிக் தளர்த்தினால் சரியாகும். நடுவில் வைத்து ஆரம்பியுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம், அதாவது முன்னாலோ பின்னாலோ மட்டும் மாற்றிப் பாருங்கள்.

காயிலோவர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு: விற்பவரிடம் எவ்வளவு இறங்கும் என்று கேட்காதீர்கள், அதிகபட்சம் எவ்வளவு உயரத்தில் நிறுத்தலாம் என்று கேளுங்கள். பல செட்டுகளில் மேலே ஏற்றின கடைசி நிலையே கம்பெனி உயரத்தை விட 30 மிமீ கீழே இருக்கும். சாதாரண வகையில் ஸ்பிரிங் தட்டைத் திருகி இறக்கும்போது வண்டியும் இறங்கும், மேலே ஏறுகிற இடமும் குறையும். அடிப்பக்க பிராக்கெட்டையே திருகி உயரம் மாற்றுகிற வகையில் ஷாக்கின் இடம் குறையாது, விலை கூடும். இன்னொன்று, திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் பக்கம் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். உப்புக் காற்றும் செம்மணல் தூசியும் சேர்ந்து மறையில் (திருகுகிற வரிகளில்) ஏறி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுக் கழுவி, மறைக்கு ஏதாவது உறை போட்டு வைக்கப் பொறுமை இல்லை என்றால், உயரத்தை மாற்றலாம் என்று கொடுத்த காசு வீண். ஏர் சஸ்பென்ஷன் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்ரசர், டேங்க், குழாய், வால்வு என்று கசிகிற இடங்கள் பல, பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் பக்கத்தில் வேண்டும்.

எவ்வளவு இறக்கினாலும் ஒன்றைக் குனிந்து பார்த்துவிடுங்கள். முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் (நம்ம ஹேட்ச்பேக் எல்லாம் இந்த வகைதான்) லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கிற கை) உள்பக்கம் மேலேயும் சக்கரத்துப் பக்கம் கீழேயும் சரிந்து இருக்கணும், குறைந்தது மட்டமாகவாவது இருக்கணும். இறக்கின பிறகு சக்கரத்துப் பக்கம் மேலே தூக்கி இருந்தால் அளவு மீறிவிட்டது. அந்த நிலையில் ரோல் சென்டர் என்று சொல்கிற, வண்டி சாயும்போது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, இறக்கின வண்டி வளைவில் முன்பை விட அதிகமாகச் சாயப் பார்க்கும், அதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேடுவீர்கள். பள்ளத்தில் ஏறும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுப்பதும் இதோடு வரும். மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை ஏறுகிற மாதிரி வளைவும் குழியும் சேர்ந்த ரோட்டில் இது நன்றாகத் தெரியும். இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்ட் கோணமும் மாறுவதால் அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்குவதோடு சேர்த்து வீலையும் மாற்றுகிறவர்கள் கவனிக்க: 185/65 ஆர்15க்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதே 621 மிமீதான், ஆனால் டயரின் பக்கச்சுவர் 120 மிமீயில் இருந்து 107 ஆகிவிடும். கடினமான ஸ்பிரிங்கும் மெல்லிய டயரும் சேர்ந்தால் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு வருகிற குழிகளில் ரிம் வளையும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். அதே மழைக்காலத்தில் சப்வேயில் தேங்கின தண்ணீரில் இறங்குகிற பழக்கமும் இருக்கக் கூடாது, இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற வாயும் நீங்கள் இறக்கின அளவு தண்ணீருக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை. ஸ்ட்ரட்டை இறக்குகிற கூலி ஒன்றுதான், அதனால் ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட், லிங்க் ராடு இவற்றில் தேய்ந்ததை அப்போதே மாற்றிவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பை வெட்டணும் என்று ஸ்பிரிங்கோடு வந்த தாளில் போட்டிருந்தால் போட்டிருக்கிற அளவு வெட்டுங்கள், இல்லை என்றால் கை வைக்க வேண்டாம். ஸ்பிரிங்கை அமுக்குகிற கம்ப்ரசர் இல்லாத பட்டறையில் வேலையே கொடுக்காதீர்கள், கயிறு கட்டிக் கழற்றுகிற வித்தையெல்லாம் ஆளையே அடித்துவிடும்.

பலர் தவறவிடுகிற ஒரு விஷயம் புஷ், இணைப்புகளில் இருக்கிற ரப்பர் உருளை. லோயர் ஆர்மிலும் பின் ஆக்ஸிலிலும் உள்ள ரப்பர் புஷ், போல்ட்டை இறுக்குகிற நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கின உடனே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நாள் முழுக்க அப்படியே ஓடிக் கொஞ்ச காலத்தில் கிழியும். அதனால் அந்த போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியை அதன் எடையில் நிற்க வைத்து, முன்னும் பின்னும் உருட்டி, அதற்குப் பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள், இல்லையென்றால் நடக்காது.

புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி இருக்கிற அளவு) கட்டாயம் மாறி இருக்கும், அப்படியே விட்டால் டயரின் உள்விளிம்பு பிளேடு வைத்துச் சீவினது போலத் தேயும். கேம்பர் (முன்னால் இருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிற அளவு) மீறி இருந்தால் முன்பக்கத்துக்குக் கேம்பர் போல்ட் போடலாம். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒற்றைக் கட்டை) உள்ள வண்டியில் திருகி மாற்ற ஒன்றும் இருக்காது, ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டி வரும், அதைவிட இறக்கும் அளவைக் குறைப்பது சுலபம். ஹெட்லைட்டையும் மறுபடி செட் பண்ணுங்கள். பின்பக்கம் அதிகம் இறங்கினால் வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி அவர்கள் பதிலை வைத்துக்கொள்ளுங்கள், சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள். கழற்றின ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எது இடது, எது வலது என்று பெயின்டில் எழுதி, சாக்கில் சுற்றி மச்சில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.